கணக்கு யார் கையில்?

மளிகைக் கடைக்காரர் கணக்குத் தருகிறார். துவரம்பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு, நல்லெண்ணெய் இவ்வளவு என்று வரிவரியாக எழுதி, கோடிட்டுக் கூட்டி, அடியிலே தொகை போட்டுத் தருகிறார். படித்துப் பார்க்கிறோம். "பெருங்காயம் வாங்கவேயில்லையே, அது எப்படி வந்தது?" என்று கேட்கிறோம். கேட்க முடிகிறது! அவரும் அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தித் தருகிறார். பால் கணக்கும் அப்படித்தான். செய்தித்தாள் கணக்கும் அப்படித்தான். மின்சாரக் கணக்கு மட்டும்? அறுபது நாள் ஓட்டத்துக்கு ஒரே ஒரு எண்! எந்த நாள் எவ்வளவு, எந்த வேளை எவ்வளவு, எந்தப் பொருள் தின்றது எவ்வளவு — ஒரு வரி கிடையாது. இத்தனை யூனிட், இத்தனை ரூபாய், இன்ன தேதிக்குள் கட்டு — தீர்ந்தது கதை!

அந்த எண் வந்த அன்று இல்லந்தோறும் நடக்கும் விசாரணையை நாடறியும். "பகலெல்லாம் டி.வி. ஓடுகிறதே, ஏறாமல் என்ன செய்யும்?" என்கிறார் கணவர். "இராத்திரியெல்லாம் ஏ.சி. ஓடுகிறதே, அது யாருக்காகவாம்?" என்கிறார் மனைவி. "தாத்தாதான் தினமும் கீசர் போடுறாரு" என்று பேரன் சாட்சி சொல்ல, "கிணத்துத் தண்ணியிலே குளிச்சு வளர்ந்த உடம்புடா இது" என்று பெரியவர் சீறுகிறார். குற்றவாளிக் கூண்டிலே நால்வர், சான்று ஒன்றுமில்லை, தண்டனை மட்டும் ரூபாயிலே வந்துவிட்டது! உண்மைக் குற்றவாளியோ கொல்லைப்புறத்திலே இருக்கிறான். குழாய் கசிவதால் தொட்டி மெல்ல மெல்ல வற்ற, அதை நிரப்ப ஊர் உறங்கும் வேளையிலும் தானாக எழுந்து ஓடி நிற்கிறதே தானியங்கி மோட்டார், அதுதான்! அதை யாரும் ஐயுறவில்லை. அது வாய் திறந்து வழக்காடவும் இல்லை.

இதற்குத்தான் வந்திருக்கிறது ஒரு சிறு கருவி. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும் கம்பியிலேயே காவல் நின்று, நொடிக்கு நொடி எத்தனை வாட் ஓடுகிறது என்று கைப்பேசியிலே காட்டும் கருவி. வீடு முழுமைக்குமான மின் கண்காணிப்புக் கருவி என்று சொல்லலாம். கடைக்காரர்கள் எனர்ஜி மானிட்டர் என்பார்கள். ஸ்மார்ட் ஹோம் என்ற பேச்சு நடுத்தரக் குடும்பங்களிலும் புகுந்துவிட்ட காலம் இது. விளக்கை வாயால் அழைக்கிறார்கள், எரிகிறது. விசிறியை வாயால் விரட்டுகிறார்கள், நிற்கிறது. அலுவலகத்திலிருந்தபடியே ஏ.சி.யை ஓடவிடுகிறார்கள். ஏவலுக்கு இத்தனை பேர் கைகட்டி நிற்கிறார்கள். இவர்கள் தின்பது எவ்வளவு என்று கேட்டால் வீட்டுத் தலைவருக்கே தெரியாது! கணக்குப்பிள்ளை இல்லாத ஜமீன்!

கணக்குத் தெரியாததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பாருண்டு. கெட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டிலே நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பிறகு 2024 ஜூலையில் கட்டணம் மேலும் ஏறியது. ஆயினும் படிக்கட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காண 2022 கணக்கே போதும். இரண்டு திங்களுக்கு 500 யூனிட் வரை ஓட்டியவருக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த 200-க்கு 4 ரூபாய் 50 காசு. கடைசி 100-க்கு 6 ரூபாய். கூட்டிப் பாருங்கள் — 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை பின்னோக்கிப் பறிபோகிறது. 101 முதல் 400 வரை முழுவதும் 4 ரூபாய் 50 காசாகிறது. ஐந்நூற்றைத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! தங்கம் விற்கும் கடையிலே கூட இப்படியொரு தராசு கிடையாது. நாளொன்றுக்கு எட்டேகால் யூனிட்டைச் சிறிது தாண்டினால் அறுபதாம் நாள் அந்தக் கோட்டின்மீது கால் பட்டுவிடும். நாற்பதாம் நாளே தெரிந்திருந்தால் அடக்கி ஓட்டியிருப்பார், தெரிய வழியில்லை. கோட்டை கண்ணுக்குத் தெரியாமல் போட்டுவிட்டுத் தாண்டியவனைத் தண்டிக்கிறோம்!

ஆனால் ஒன்று. கருவி விற்பவனின் தம்பட்டத்தைக் கேட்டு எல்லோரும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு விசிறி, நான்கு விளக்கு, ஒரு டி.வி., ஒரு மிக்சி என்று வாழும் குடும்பம், இரண்டு திங்களுக்கு 150 யூனிட்டோடு முடிந்துவிடும் குடும்பம், இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பது வீண். அங்கே மிச்சம் பிடிக்க எதுவுமில்லை. ஏ.சி., கீசர், தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர் என்று பெருகிவிட்ட வீட்டுக்குத்தான் இது பயன்படும். அவர்களும் வாங்குவதற்கு முன்னே, காசில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம்.

மீட்டரின் முகப்பிலே ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருந்தால், பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, 11,250-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் அந்த வேளையில் ஓடும் வாட் வந்துவிடும். 45 நொடி ஆனால் 250 வாட். இரவு படுக்கப் போகுமுன், விசிறி விளக்கெல்லாம் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். வீடு உறங்குகிறது, புள்ளி உறங்குகிறதா? பல வீடுகளில் உறங்காது! செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டேயிருக்கும் இன்வெர்ட்டர், கட்டளைக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் ஸ்மார்ட் சாமான்கள் — இவை ஒன்று சேர்ந்து 50 வாட் தின்றால், அறுபது நாளில் 72 யூனிட்! யாரும் காணாத, யாரும் கேளாத 72 யூனிட்! இந்தச் சோதனையிலே விடை கிடைத்துவிட்டால் கருவியே வேண்டாம், தம்பி. கிடைக்காவிட்டால் மேலே படி.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. கம்பியிலே மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் எழுகிறது. அந்தக் கம்பியைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டினால், ஓடும் மின்னோட்டத்தின் அளவு வளையத்துக்குத் தெரிந்துவிடுகிறது. கம்பியை அறுக்க வேண்டாம், தோலை உரிக்க வேண்டாம். கிளாம்ப் என்றும் சி.டி. என்றும் எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இந்த வளையத்தைத்தான். ஃபேஸ் கம்பி ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால், போவதும் வருவதும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, கருவி பூஜ்யம் காட்டும். வீடே எரிந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்!

இங்கேதான் முதல் ஏமாற்று வருகிறது. விலை குறைந்த கருவிகள் சில, மின்னோட்டத்தை மட்டும் அளந்துவிட்டு, மின்னழுத்தம் 230 வோல்ட் என்று தாமே வைத்துக்கொண்டு பெருக்கிக் காட்டுகின்றன. வோல்ட் 230-ஆகவா நிற்கிறது? கோடை மாலையிலே 200-க்கு இறங்கும் தெருக்கள் எத்தனை! போகட்டும், வோல்ட் நின்றாலும் கணக்கு நிற்காது. மோட்டாரும் பழைய ஃபிரிட்ஜும் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. பவர் ஃபேக்டர் 0.6 உள்ள மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால், குருட்டுப் பெருக்கல் 460 என்று சொல்லும். மீட்டரிலே ஏறுவது 276 வாட்தான். ஆகவே கடையிலே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது வோல்டையும் அளக்கிறதா? பவர் ஃபேக்டர் காட்டுகிறதா?" இல்லையென்றால் கும்பிட்டு விடைபெறுக.

அடுத்தது ஃபேஸ். அமெரிக்க வீடுகளுக்கென்று செய்த கருவிகள் 120 வோல்ட் இரண்டு கம்பிகளை நினைத்துச் செய்யப்பட்டவை. நம் வீட்டிலே வருவது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ், அல்லது மூன்று ஃபேஸ். பரண்மீது கிடக்கும் அயல்நாட்டுச் சாமானாக அது முடிந்துவிடக்கூடாது. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ளவர் மூன்று வளையமும், மூன்று ஃபேஸின் வோல்டையும் தனித்தனியே அளக்கும் கருவியும்தான் வாங்க வேண்டும். இன்னொரு சிக்கல் நம் ஊர் வீடுகளுக்கே உரியது. ஒரு ஃபேஸிலே மின்சாரம் போய்விட்டால் இன்னொரு ஃபேஸுக்குத் திருப்பிவிட, மெயின் போர்டிலே ஒரு திருகு சுவிட்ச் வைத்திருக்கிறோமே, ஃபேஸ் செலக்டர், அதைச் சொல்கிறோம். அந்தச் சுவிட்சுக்குப் பின்னாலே வளையத்தை மாட்டிவிட்டு, பிறகு ஒருநாள் சுவிட்சைத் திருகினால் என்ன ஆகும்? வளையம் பார்ப்பது ஒரு ஃபேஸ். வோல்ட் பார்ப்பது வேறொரு ஃபேஸ். இரண்டுக்கும் 120 பாகை விலகல். ஆயிரம் வாட் ஹீட்டர் ஓடும்போது கருவி ஐந்நூறு வாட் என்று காட்டும் — அதுவும் தலைகீழாக, வீட்டிலிருந்து வெளியே போவதாக! சூரியத் தகடே இல்லாத வீடு ஊருக்கு மின்சாரம் வழங்குவதாகக் கணக்கு வரும்! ஆகவே வளையம் மூன்றும் அந்தச் சுவிட்சுக்கு முன்னே, மெயினிலிருந்து வரும் கம்பிகளிலேயே மாட்டப்பட வேண்டும்.

மாடியிலே சூரியத் தகடு வைத்திருப்போருக்கு, வரவையும் செலவையும் திசை பிரித்துக் காட்டும் கருவி தேவை. வளையத்தின்மீது ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கடனாளி வரவாளி ஆகிறான். வளையத்தின் அளவும் பெரிதாக இருந்தால் சிறப்பு என்று எண்ண வேண்டாம். 5 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் இணைப்பிலே ஓடக்கூடியது 22 ஆம்பியர் அளவுதான். அதற்கு 200 ஆம்பியர் வளையம் மாட்டுவது, கடுகு நிறுக்க விறகுக்கடைத் தராசு கொண்டுவருவது போல! சிறு விளக்கின் எடையை அது காணாது.

மாட்டுகிற வேலையை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுக. "அண்ணே, மெயினை அணைத்துவிட்டோமே, இனி என்ன பயம்?" என்று பெட்டியைத் திறக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: மெயின் சுவிட்சுக்கு வந்து சேரும் கம்பியிலே, அது அணைந்திருக்கும்போதும் உயிர் இருக்கிறது. வளையத்தின் நுனிகளை முதலில் கருவியோடு இணைத்துவிட்டு, அதற்குப் பிறகே கம்பியைக் கவ்வ வேண்டும்; சில வகை வளையங்கள், நுனி இணைக்கப்படாமல் ஓடும் கம்பியைக் கவ்வினால், அந்த நுனியிலேயே ஆபத்தான மின்னழுத்தத்தை எழுப்பிவிடும். மீட்டரின் முத்திரைப் பக்கமோ போகவே கூடாது. மீட்டரிலே கை வைப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் மின்திருட்டு வழக்குக்கே இழுத்துச் செல்லக்கூடும். மீட்டருக்கு இப்பால் உள்ளதுதான் நம் எல்லை.

அளவு சரி, மாட்டியாயிற்று. இனி, ஓடுவது இன்ன பொருள் என்று கருவியே கண்டுபிடித்துச் சொல்லுமா? சொல்லும் என்று முரசறைகிறார்கள். இந்த ஆசை புதிதன்று. 1980-களிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், வீட்டுக்கு வரும் ஒரே கம்பியிலே ஏறி இறங்கும் மின்னோட்டத்தைப் பார்த்து, இது ஃபிரிட்ஜ், இது ஹீட்டர் என்று பிரித்தறியும் வழியை வகுத்தார். 1992-இல் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டார். சென்ஸ் என்ற அமெரிக்கக் கருவி அந்த வழியிலே வந்ததுதான். திடீரென்று 2000 வாட் ஏறி, சிறிது நேரத்தில் 2000 வாட் இறங்கினால் கீசர் என்று சொல்லிவிடலாம், சரி. வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.யை? ஒரே வாட் உள்ள இரண்டு விசிறிகளை? அங்கே கருவி சோதிடம் பார்க்கத் தொடங்குகிறது. சோதிடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்! ஓர் ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவர் கைப்பேசியோடு கூடத்திலே நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தால், அரை மணியிலே வீட்டின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். அதற்கு ஒரே தேவை, கருவி சில நொடிகளுக்கு ஒருமுறையாவது புது எண்ணைக் காட்ட வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை காட்டுவது இதற்கு உதவாது.

எம்போரியா வியூ போன்றவை 16 கிளைக் கம்பிகள் வரை தனித்தனியே அளக்கும். நல்லதுதான். ஆனால் நம் வீட்டு வயரிங்கிலே, கூடத்து விளக்கும் அடுக்களை பிளக்கும் படுக்கையறை விசிறியும் ஒரே கம்பியிலே உறவாடிக் கொண்டிருக்கும்! பதினாறு வளையம் மாட்டியும் எது எது என்று பிரியாது. மெயின் கம்பிகளுக்கு வளையம், தனிக் கம்பியிலே ஓடும் ஏ.சி.க்கும் கீசருக்கும் ஒவ்வொன்று. பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும் என்பது நமது எண்ணம்.

இவையெல்லாம் கருவியின் உடலைப் பற்றியது. இனி, அது யாருக்கு ஊழியம் செய்கிறது என்று கேட்போம். விலைச்சீட்டைப் பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். நாம் இதைத்தான் முதலிலே வைக்கிறோம்.

நம் வீட்டுச் சுவரிலே மாட்டிய கருவி. நம் காசிலே வாங்கியது. நம் மின்சாரத்தைத் தின்று ஓடுவது. அது அளந்த எண்ணோ, நேரே நம் கைப்பேசிக்கு வருவதில்லை! கடல் தாண்டி, எங்கோ உள்ள கம்பெனியின் கணிப்பொறிக்குப் போய், அங்கே பதிவாகி, அவர்கள் மனம் வைத்தால் திரும்பி வருகிறது. கிளவுட், மேகம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாம் அறிந்த மேகம் கடலிலே முகந்து நம் வயலிலே பொழியும். இந்த மேகம் நம் வீட்டிலே முகந்து எங்கோ பொழிகிறது! அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வர வேண்டிய செய்தி, அட்லாண்டிக்கைச் சுற்றிவிட்டு வருகிறது. இணையம் அறுந்தால்? கருவி குருடு. கம்பெனி கடையைக் கட்டினால்? கருவி பிணம்.

மிகைப்படுத்துகிறோம் என்பீர்களோ? கூகுள் நிறுவனம் பவர்மீட்டர் என்ற பெயரில் வீட்டு மின்கணக்குச் சேவையை 2009-இல் தொடங்கியது, 2011-இல் மூடியது. மைக்ரோசாஃப்ட் ஹோம் என்ற பெயரில் அதே 2009-இல் தொடங்கியது, 2012-இல் மூடியது. உலகின் மாபெரும் செல்வர்கள்! அவர்களுக்கே அலுத்துவிட்டது! ஸ்மார்ட் பிளக்குகள் விற்ற பெல்கின் நிறுவனம், தன் வீமோ சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-ஓடு ஆதரவை நிறுத்துவதாக 2025-இல் அறிவித்தது. வாங்கியவன் வீட்டிலே பொருள் பழுதாகவில்லை, தேயவில்லை, உடையவில்லை. உயிர் வேறிடத்திலே இருந்ததால் உயிர் போயிற்று! ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள்ளே உயிரை வைத்திருந்த அரக்கன் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டோமே, அந்தக் கதைதான். இப்போது கிளி கம்பெனியிடம் இருக்கிறது.

அது மட்டுமன்று. மின்கணக்கு வாய் பேசும். நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது குளிக்கிறீர்கள், எந்த நாள் வீடு பூட்டிக் கிடந்தது, நள்ளிரவிலே எந்த அறையில் விளக்கு எரிந்தது என்பதையெல்லாம் நொடிக் கணக்கு அறிந்தவன் அறிவான். அதே ஜார்ஜ் ஹார்ட், தம் கண்டுபிடிப்பு உளவு வேலைக்கும் பயன்படக்கூடும் என்று 1989-இலேயே எழுதி எச்சரித்தார். கருவியைக் கண்டவரே கையை உயர்த்தி எச்சரிக்கிறார். வாங்குகிற நாம் கண்ணை மூடிக்கொண்டு "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துகிறோம்! "எனக்கென்ன, ஒளிக்க ஒன்றுமில்லையே" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. ஒளிக்க ஒன்றுமில்லாதவரும் கதவைச் சாத்திக்கொண்டுதானே உறங்குகிறார்?

மாற்று இல்லாமலில்லை. பல்கேரிய நிறுவனம் ஒன்றின் ஷெல்லி கருவிகளில், ஒற்றை ஃபேஸுக்கும் மூன்று ஃபேஸுக்கும் வகைகள் உண்டு; கம்பெனியின் மேகத்தை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபைக்குள்ளேயே கணக்கைப் பெறலாம். ஐயோட்டாவாட் என்ற கருவி, அளந்ததைத் தன் வயிற்றிலுள்ள நினைவட்டையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே பக்கம் திறந்து காட்டும். வேல்ஸ் நாட்டில் பிறந்த ஓப்பன் எனர்ஜி மானிட்டர், தன் வரைபடத்தையும் நிரலையும் ஊரறியத் திறந்தே வைத்திருக்கிறது. கம்பெனி போனாலும் கற்றவன் எவனும் பழுது பார்க்கலாம். எம்போரியா வாங்கியவர்களிலும் சில கெட்டிக்காரர்கள், அதன் நிரலை அழித்துவிட்டு ஈ.எஸ்.பி.ஹோம் என்ற திறந்த நிரலை ஏற்றி, கருவியைக் கம்பெனியிடமிருந்து மீட்டெடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒரே திரையில் சேர்த்துக் காட்ட, ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச நிரல் உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து அதிலே மின்கணக்குக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுவோம். கம்பெனியின் மேகத்தை நம்பினால், பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடம் எண் வந்துவிடும், வெளியூரிலிருந்தும் பார்க்கலாம். சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பினால், ஹோம் அசிஸ்டென்ட் ஓட ஒரு சிறு கணிப்பொறி வேண்டும், இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து அமைக்க வீட்டிலே ஓர் ஆள் வேண்டும். அந்தச் சிறு கணிப்பொறியும் 5 வாட் தின்றால் அறுபது நாளில் 7 யூனிட்டுக்கு மேல். காவற்காரனுக்கும் கஞ்சி ஊற்றித்தானே ஆகவேண்டும்! இதற்கெல்லாம் நேரமில்லாதவர், மேகக் கருவியே வாங்குவதானால், மேகம் அறுந்தாலும் வீட்டுக்குள்ளே எண் காட்டுமா என்பதையாவது கேட்டு வாங்கட்டும். வாங்கிய பின், மின்வாரியத்தார் ரீடிங் எடுத்துச் செல்லும் அன்றே கருவியின் கணக்கையும் தொடங்கட்டும். பத்து நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால், நூற்றுக்கு ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். அது கருவிகளின் இயல்பு. நூற்றுக்குப் பத்து வேறுபட்டால், வளையம் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கிறது என்று எலக்ட்ரீஷியனை மீண்டும் அழைக்க வேண்டியதுதான்.

இத்தனை பாடும் எதற்காக? சுவரிலே ஏற்கெனவே ஒரு மீட்டர் இருக்கிறது, அளக்கிறது, வீட்டாருக்குப் புரியும்படி சொல்ல மறுக்கிறது. அதனால் அதற்குப் பக்கத்திலே இன்னொரு மீட்டரை நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறோம்! 2021-இல் ஒன்றிய அரசு வகுத்த திட்டத்திலே, நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவதென்று குறிக்கப்பட்டது. அந்த மீட்டர் தொலைவிலிருந்தே மின்வாரியத்திடம் பேசும். நல்லது, பேசட்டும். வீட்டாரிடம் பேசுமா?

நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டம் 2009-இல் அந்நாட்டு மேலவைக்கு வந்தது. இல்லத்தின் அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி எழுந்தது. மேலவை தடுத்து நிறுத்தியது. பிறகு கட்டாயம் நீங்கி, விருப்பமாக வந்தது. அதோடு, அந்நாட்டு மீட்டர்களிலே வீட்டாருக்கென்றே ஒரு வாசல் உண்டு. பி-1 என்று பெயர். ஒரு சிறு வயரைச் செருகினால், சில நொடிகளுக்கு ஒருமுறை மீட்டரே தன் கணக்கை வீட்டாரின் கணிப்பொறிக்குச் சொல்லிவிடுகிறது. வளையம் வேண்டாம், மேகம் வேண்டாம், எலக்ட்ரீஷியன் வேண்டாம், கம்பெனி வேண்டாம்! அமெரிக்காவிலே நேப்பர்வில் என்ற நகரத்து மக்கள் வழக்காடியபோது, கால்மணிக்கொரு முறை மீட்டர் கணக்கை அரசு திரட்டுவது அரசியல் சட்டத்தின்படி ஒரு சோதனையே என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நியாயமான சோதனைதான் என்று அனுமதித்தாலும், அது சோதனை என்பதை மறுக்கவில்லை. நம் நாட்டிலோ, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இலேயே தீர்ப்பளித்துவிட்டார்கள். தீர்ப்பு ஏட்டிலே இருக்கிறது. மீட்டருக்கு அது எட்ட வேண்டாமா?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தையும், மின்வாரியம் என்று மக்கள் அழைத்துப் பழகிவிட்ட பகிர்மானக் கழகத்தையும் நாம் கேட்பது இதுதான். வீடுகளிலே பொருத்தப்படும் ஸ்மார்ட் மீட்டர் ஒவ்வொன்றிலும், முத்திரையைத் தொடாமல் வீட்டார் படித்துக்கொள்ள ஒரு வாசல் இருக்க வேண்டும். அந்த வாசலைப் பயன்படுத்தக் கட்டணம் கூடாது. அதிலே வரும் கணக்கு எந்த முறையிலே எழுதப்படுகிறது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். மின்வாரியத்துக்குப் போகும் நுண்கணக்கு எத்தனை நாள் வைக்கப்படும், யார் யார் பார்க்கலாம், யாருக்கு விற்கக்கூடாது என்பது மீட்டர் மாட்ட வரும் அன்றே வீட்டாரின் கையிலே எழுத்தாகத் தரப்பட வேண்டும். மீட்டர் வாங்கும் ஒப்பந்தங்களிலேயே இவை நிபந்தனையாக ஏற வேண்டும். மாட்டி முடித்த பிறகு ஒவ்வொரு வீடாகத் திரும்பிப் போய் வாசல் வைக்க எந்த அரசாலும் ஆகாது.